இடதுகை மடிப்பு

பச்சை கேட் போட்ட வீடு நெருங்கும்போது மட்டும் வேன் டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோலத் தலையைத் திருப்பிக்கொள்வார். கண்ணாடி சரியாகத்தான் இருக்கும். கேட்டில் ஒருவன் நிற்பான். மீசை கருத்து, நெற்றி லேசாக ஏறத் தொடங்கிவிட்ட ஆள். தோளில் பள்ளிக்கூடப் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். வேனைக் கண்டதும் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டுவான். வேன் நிற்காது. ஆட்டிய கை அப்படியே டாட்டா காட்டுகிற கையாக மாறிவிடும். வேனிலிருக்கும் பிள்ளைகளும் பதிலுக்குக் கையாட்டுவார்கள். அவனுக்கு டாட்டா என்றே பேராகிவிட்டது.

அவனும் ஒரு காலத்தில் அந்த வேனில் முன்சீட்டுக்காரன்தான். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி அது. வயது வரம்பு தாண்டியதும் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் என்ன என்பது பள்ளிக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். தினமும் அந்த வீடுகளைத் தாண்டித்தானே அவர் வேன் போகிறது. ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். ஒருவன் அப்பாவின் கடையில் ஸ்டூல்மேல் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். இன்னொருத்தியைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. அந்த வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது.

அவருடைய மகளும் அதே வேனில்தான் போய்வந்தாள், அவருக்கு நேர் பின்சீட்டில். தடித்த கண்ணாடி, குட்டை விரல்கள், எதையும் அவசரப்படாமல் செய்கிற சுபாவம். யார் எதைக் கேட்டாலும் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதிலுக்குப் போவாள்; பல சமயம் அதுவே பதிலாக இருந்துவிடும். வீட்டிலும் வேனிலும் அவளுக்குப் பேர் பாப்பா. அந்த வருடத்தோடு பாப்பாவுக்கும் பள்ளி முடிகிறது.

"இன்னைக்கும் நின்னானா?" என்பாள் மனைவி, அவர் செருப்பைக் கழற்றும்போதே.

"யாரு?"

"யாருன்னு தெரியாதாக்கும். டாட்டாதான்."

"நான் எங்க பார்த்தேன்? ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டாமா?"

"அப்ப நின்னிருக்கான்." அவள் உள்ளே திரும்பிக்கொண்டே சொல்வாள். "என் பொண்ணு அப்படிக் கேட்ல நிக்க மாட்டா. பார்த்துக்கிட்டே இருங்க."

அவளுக்கு அந்தத் துணிவு வந்ததற்குக் காரணம் வேலைப் பயிற்சி டீச்சர். பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் விரிப்பு மடிக்க ஆள் எடுக்கிறார்கள், நம் பிள்ளை ஒருத்தியைச் சோதனைக்கு வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்று டீச்சர் ஒருநாள் வீட்டுக்கே வந்து சொன்னாள். மடிப்பு என்றால் பாப்பாதான் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே, காய்ந்த துணியை எடுத்துவந்ததும் அம்மாவும் மகளுமாக எதிரெதிரே நின்று மடிப்பார்கள். வெயிலின் சூடு ஆறாத துணியைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதற்காகவே பாப்பா ஓடிவருவாள்.

"புடி" என்பாள் அம்மா. இரண்டு முனைகளை மகள் பிடிப்பாள். "உதறு." துணி பட்டென்று காற்றில் அடிக்கும். "கொண்டா." இருவரும் ஒரு கையை மறுகையோடு சேர்ப்பார்கள். "வா." பாப்பா துணியோடு நடந்து வந்து தன் முனைகளை அம்மாவின் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். புடி, உதறு, கொண்டா, வா. டிரைவர் டீயைக் குடித்தபடி எத்தனையோ சாயங்காலங்கள் அதைப் பார்த்திருக்கிறார்.

"இன்னொரு விஷயம்ணா," என்றாள் டீச்சர், கிளம்பும்போது. "வேலைக்குப் போற பொண்ணைப் பாப்பான்னு கூப்பிடாதீங்க. அங்க யாராவது பேர் கேட்டா அதையே சொல்லிடுவா."

"வேற எப்படிக் கூப்பிடுறது டீச்சர்? மேடம்னா?"

"கூப்பிடுங்களேன்," என்றாள் மனைவி. "என்னைத்தான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளையாவது கூப்பிடுங்க."

அன்று அவள் சிரித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பால் பிடித்துக்கொண்டாள் என்றே அவர் நினைத்தார். கட்டி இருப்பது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, குணப்படுத்துகிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். வெளியே வந்து அவர் வாய் திறப்பதற்குள் அவள், "லாண்டரி இந்தக் கட்டிடத்துக்குக் கீழதான் இருக்காம்ங்க, விசாரிச்சிட்டேன். ரொம்ப வசதி," என்றாள்.

லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், பாதி நிலத்துக்குக் கீழே. கதவைத் தள்ளினால் ஈரச்சூடு முகத்தில் அறையும். வரிசையாகப் பெரிய டிரம்கள் சுழலும். பிளீச்சிங் வாடை மூக்கை அரிக்கும். நடுவில் சூடான உருளை. ஒரு பக்கம் கசங்கிப் போகிற விரிப்பு மறுபக்கம் ஆவி பறக்க நீட்டாக வரும். வந்ததை உருளைப் பக்கம் ஒருத்தியும் எதிர்ப்பக்கம் ஒருத்தியுமாக நின்று வாங்கி மடித்து அடுக்க வேண்டும். அடுத்தது வருவதற்குள் முடிய வேண்டும்.

உருளைப் பக்கம் நின்றவளைச் சைரன் என்றார்கள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அந்தக் குரல் அப்படியே நின்றுவிட்டது. தெருவில் நடக்கும்போதும் அவளால் மெதுவாகப் பேச முடியாது. கனத்த உடம்பு, முழங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"பேரென்னம்மா?"

"பேரென்னம்மா," என்றாள் மகள். பிறகு, "பாப்பா."

"பாப்பாவா! என் தோளுக்கு நிக்குது, பாப்பாவாம். சரி, நீ பாப்பான்னா நான் குமரி. வா இப்படி."

முதல்நாள் என்பதால் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க டிரைவரை விட்டிருந்தார்கள். பாப்பா எதிர்ப்பக்கம் போய் நின்றாள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் இடம்; உருளைப் பக்கம் கை சுட்டுவிடும். விரிப்பு வந்தது. பாப்பா முனைகளைச் சரியாகப் பிடித்தாள், உதறினாள், கையைச் சேர்த்தாள். விரிப்பு நடுவில் கயிறுபோல முறுக்கிக்கொண்டது.

"பரவால்ல, உதறு," என்றாள் சைரன். மறுபடியும் முறுக்கியது. அதற்குள் அடுத்தது வந்து தரையில் சரிந்தது.

"ஏம்மா, அந்தக் கை இல்ல. இந்தக் கை!"

"இந்தக் கை," என்றாள் பாப்பா, மிகவும் பணிவாக. என்றுவிட்டுப் பழைய கையையே கொண்டுவந்தாள்.

காதில் பென்சில் செருகியிருந்த சூப்பர்வைசர் வந்து பார்த்தார். தரையில் விழுந்ததையெல்லாம் திரும்பவும் துவைக்கப் போடச் சொன்னார். சாயங்காலம் மகளை அழைத்துப்போக வந்த டிரைவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டிரைவர். நல்ல பொண்ணுதான். வேற எதுலயாவது போடலாம்னா, அழுக்குத் துணி பிரிக்கிறதுல ஊசி கெடக்கும், ரத்தம் கெடக்கும். அதுல விட முடியாது. துண்டு, தலையணை உறை எல்லாம் வெளிய காண்ட்ராக்ட்ல போகுது. மடிப்பு ஒண்ணுதான் இருக்கு. அது வரலையே."

"வீட்ல நல்லா மடிப்பா சார்."

"எல்லாரும் வீட்ல நல்லாத்தான் செய்வாங்க," என்றார் அவர், வருத்தமாகவே.

டீச்சர் ஓடிவந்து கெஞ்சினாள். மாதக் கடைசிவரை பார்க்கலாம், அதற்குமேல் முடியாது என்று ஒத்துக்கொண்டார்கள். அப்பா அம்மா யாரும் உள்ளே வந்து நிற்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

மனைவி நம்பவில்லை. "இருக்கவே இருக்காது. எடுங்க அந்தப் பெட்ஷீட்டை," என்றாள். கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று மகளோடு மடித்தாள். புடி, உதறு, கொண்டா, வா. தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. "பாருங்க. இதுல என்ன குறை? அந்தப் பொம்பளைக்குத்தான் மடிக்கத் தெரியலை. நீங்க புடிங்க, பார்ப்போம்."

டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் அந்த முனையைப் பிடித்ததில்லை. பிடித்தார், உதறினார், சேர்த்தார். விரிப்பு கயிறானது.

மனைவி அந்த முறுக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடதுகையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

அவள் இடதுகைக்காரி. கல்யாணமான புதிதில் அவர் 'பீச்சாங்கை' என்று கேலி செய்வார்; இந்தப் பீச்சாங்கையாலதான் உங்களுக்குச் சோறு போடுறேன் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். எதிரெதிரே நிற்கும் இருவரில் இவளுக்கு இடதுகை வரும், மகளுக்கு வலதுகை வரும்; கண்ணாடியும் முகமும்போலப் பொருந்திப் போகும். இருவருமே வலதுகையைக் கொண்டுவந்தால் துணி முறுக்கும். மற்ற இடங்களில் அதில் ஒருத்தர் விட்டுக்கொடுத்துக் கையை மாற்றிக்கொள்வார்; லாண்டரியில் அது எதிர்ப்பக்கம் நிற்கும் புதியவளின் வேலை. பாப்பாவுக்கு அப்படி மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே வாழ்க்கையில் வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றியதில்லை.

"என் கைதாங்க," என்றாள் மனைவி. "எல்லாம் என் கை."

மறுநாள் சாயங்காலமே திருத்தத் தொடங்கினாள். பாப்பாவின் இடது மணிக்கட்டில் ஒரு கைக்குட்டையைக் கட்டினாள். "துணி கட்டின கை, பாப்பா. இதைத்தான் கொண்டுவரணும். எது?"

"எது," என்றாள் பாப்பா. கைக்குட்டையைப் பார்த்தாள். வலதுகை தானாகக் கிளம்பியது. அம்மா அதைத் தட்டிவிட்டாள். அடுத்த முறை இரண்டு கையும் கிளம்பி நடுவில் நின்றன. அதற்கடுத்த முறை எதுவும் கிளம்பவில்லை. அம்மாவின் குரல் ஏறிற்று. அதற்குமுன் அந்த வீட்டில் மடிப்புக்காக யாரும் குரல் உயர்த்தியதில்லை. சில நாள் இப்படிப் போனது. ஒருநாள் அம்மா விரிப்பைக் கையிலெடுத்து "புடி" என்றதும், பாப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டையை அவிழ்த்து, மகளின் மணிக்கட்டில் பதிந்திருந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கெடுத்துட்டேங்க. நான் அவளுக்கு வேலை கத்துக் குடுக்கலை. எனக்கு எதிர்ல நிக்கக் கத்துக் குடுத்திருக்கேன். உலகத்துலயே ஒரே ஒருத்திகூட மட்டும் மடிக்கிற மாதிரி வளர்த்து வெச்சிட்டேன். அந்த ஒருத்தியும் போயிட்டா?"

"நான் நிக்கிறேன்," என்றார் டிரைவர்.

"எங்க, லாண்டரியிலயா? வேனை யாரு ஓட்டுவா, டாட்டாவா?" சொன்னவள் சிரிக்கப் பார்த்து, முடியாமல், முகத்தை மகளின் மடியில் வைத்துக்கொண்டாள். பாப்பா அம்மாவின் தலையைத் தடவினாள். எந்தக் கையால் தடவினாள் என்பதைக்கூட அவர் அன்று கவனித்தார்.

அடுத்த முறை மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சோடு, அவள் நேராக லாண்டரிப் படியில் இறங்கினாள். கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று இவர் பின்னாலேயே ஓடினார். "என்னை என்ன பண்ணிடுவாங்க, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?" என்றாள்.

உள்ளே பாப்பா ஒரு மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். சைரன் வேறொருத்தியோடு மடித்துக்கொண்டிருந்தாள். மனைவி போய் உருளைக்கு முன்னால் நின்று, ஆவி பறக்க வந்த விரிப்பைப் பிடித்து, "புடி பாப்பா," என்றாள். பாப்பா பாய்ந்து வந்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அடுக்கு உயர்ந்தது. அழுக்குத் துணி பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க வேலைக்கு வர்றீங்களா?" என்றார் சூப்பர்வைசர். நிஜமாகவே கேட்டார்.

"எனக்கு வேற எடத்துல கூப்பிட்டுட்டாங்க சார்," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. சைரன் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மட்டும் இடதுகையைக் கொண்டுவந்தா போதும். அவ சரியா வந்துடுவா. பார்த்தீங்கல்ல?"

"நல்லாருக்கே கதை!" சைரனின் குரல் கூரையில் போய் முட்டியது. "வயசுக்கு வந்ததுலேருந்து இந்தக் கை இப்படித்தான் போகுது தங்கச்சி. தூக்கத்துல புரண்டாக்கூட இப்படித்தான் புரளும். எனக்கே முதுகு ஒடியுது, இதுல கையை வேற மாத்தணுமா?"

"அதுவுமில்லாம முத்திரை உள்ள போயிடும்," என்றார் சூப்பர்வைசர், அவள் மடித்த அடுக்கைக் காட்டி. விரிப்பின் ஒரு முனையில் ஆஸ்பத்திரி முத்திரையும் வார்டு அடையாளமும் இருக்கும். வழக்கமான கையால் மடித்தால் அது மேலே வந்து நிற்கும். கை மாறினால் மடிப்புக்குள்ளே போய்விடும். இவள் மடித்ததில் ஒன்றில்கூட முத்திரை தெரியவில்லை. "வார்டுலேருந்து சண்டைக்கு வருவாங்கம்மா."

மனைவி பாப்பாவின் கண்ணாடியில் படிந்த ஆவியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திரும்பினாள். படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது.

அதன்பின் அவள் வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. லாண்டரிக்கு மேலே இரண்டாவது மாடியில், முடியாதவர்களைப் போடுகிற வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். டிரைவர் காலையில் மகளை லாண்டரி வாசலில் விடுவார், வேன் ஓட்டுவார், சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு மேலே வருவார். உள்ளே எட்டிப் பார்க்கவோ யாரையும் கேட்கவோ அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மாதக் கடைசி வந்துபோனது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் போய்க் கேட்டால்தான் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

மனைவி தலையணையில் சாய்ந்தபடி மகளை விசாரிப்பாள்.

"இன்னைக்கு மடிச்சியா?"

"மடிச்சியா. மடிச்சேன்."

"முறுக்கிடுச்சா?"

"முறுக்கிடுச்சு."

"முறுக்கலையா?"

"முறுக்கலை."

"சைரன் அக்கா திட்டுச்சா?"

"திட்டுச்சு."

"சிரிச்சுச்சா?"

"சிரிச்சுச்சு."

"இவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டா ஊரே ஜெயிலுக்குப் போயிடும்," என்பாள் மனைவி. பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் மனைவி அவரைப் பார்ப்பாள். உங்களுக்காவது தெரியுமா என்பதுபோல. அவர் ரொட்டியைப் பாலில் நனைப்பதில் மும்முரமாக இருப்பார்.

ஒரு சாயங்காலம் பாப்பா அம்மாவின் கட்டிலில் தொங்கிய விரிப்பின் ஓரத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அதைத் தட்டிக் காட்டி, "என்னுது," என்றாள். யாரும் எதுவும் கேட்காமல் அவள் தானாகப் பேசுவது அபூர்வம்.

"ஆமாடி தங்கம், எல்லாம் உன்னுதுதான்," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"என்னுது," என்றாள் பாப்பா மறுபடியும், இன்னும் பலமாகத் தட்டி.

"சரி, உன்னுதுதான், விடு. அம்மா தூங்கட்டும்," என்று அவர் அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

மனைவி இறந்தது ஒரு மத்தியானம். காலை சவாரி முடித்து, பிள்ளைகளைத் திரும்ப எடுக்கப் போவதற்கு முன்னால் அவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. அவள் பேசி ஒரு நாள் ஆகியிருந்தது. அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒருமுறை உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார். "நின்னானா?" என்றாள். அவர் முதல்முறையாக, "நின்னான்," என்றார். அவள் தலை லேசாக அசைந்தது. அதற்குப்பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்து, ஒரு இடைவெளி முடியவே இல்லை.

நர்ஸ் வந்து பார்த்தாள். மணியைக் குறித்துக்கொண்டாள். குழாய்களை மெதுவாக எடுத்தாள். போய் அலமாரியிலிருந்து புது விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வார்டுக்கு வர்றது மட்டும் கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு," என்றாள். துக்க வீட்டில் எதையாவது பேச வேண்டுமே என்று பேசுகிறவளைப்போல. "முத்திரை உள்ள போயிடுது. பிரிச்சாத்தான் எந்த வார்டுதுன்னே தெரியுது. கீழ யாரோ பீச்சாங்கைக்காரி மடிக்கிறா போல. அண்ணே, அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க."

அவர் பிடித்தார். விரிப்பு பிரிந்தது. இரண்டாவது மடிப்புக்குள்ளே, அவர் கைக்குப் பக்கத்தில், நீல முத்திரை இருந்தது.

"ஏய்," என்று அவர் கட்டில் பக்கம் திரும்பினார். "ஏய், இங்க பாரேன்."

நர்ஸ் அவர் கையிலிருந்த முனையைத் தானே வாங்கிக்கொண்டு விரிப்பை மேலே இழுத்துவிட்டாள். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அடுக்கியிருந்தவற்றில் ஒன்றில்கூட முத்திரை தெரியவில்லை. எத்தனையோ நாளாக அவள் இவற்றின்மேல்தான் படுத்திருந்தாள். அவர்கள் வரும்போதெல்லாம் விரிப்பு விரிந்துதான் கிடந்தது. மடிப்பை யாரும் பார்க்கவில்லை. மடித்தவள் ஒருத்தி, அதைத் தட்டித் தட்டிச் சொல்லியும் இருக்கிறாள்.

மகளிடம் சொல்ல வேண்டுமே என்று அவர் படி இறங்கினார்.

லாண்டரிக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. ஆவியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். சைரன் உருளைப் பக்கம் நின்றிருந்தாள். எதிரே பாப்பா.

"புடி!" சைரனின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "உதறு! கொண்டா!" அவளுடைய இடதுகை, கனத்த, தழும்பேறிய கை, ஒரு கணம் தயங்கி, யோசித்து, வலதை நோக்கிப் போனது. "வா!" பாப்பா விரிப்போடு நடந்து போய் முனைகளைக் கொடுத்தாள். கொடுக்கும்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கதவைத் திறந்ததும் சைரன் பார்த்துவிட்டாள். மடித்ததை அடுக்கில் வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என்ன டிரைவரே, உள்ள வந்துட்டீங்க? சூப்பர்வைசர் பார்த்தா கத்துவாரு. அவரு கண்டும் காணாம இருக்கிறதே பெரிசு. முத்திரை உள்ள போனதையெல்லாம் தங்கச்சி வார்டுக்கே தள்ளிவிட்டுட்டு இருக்கேன். அங்கதான் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க." அவள் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக மெதுவாகப் பேச முயன்ற நேரமாக அது இருக்கும். "அதுக்கு மட்டுமில்ல. தங்கச்சி பார்த்தா புரிஞ்சுக்குமேன்னுதான். நானே மேல வந்து சொல்லணும்னு நினைக்கிறேன். படியேறினா மூச்சு வாங்குது, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போகுது. பார்த்துச்சா? சொல்லுச்சா எதாவது?"

டிரைவர் அவளைப் பார்த்தார்.

"பார்த்தா," என்றார்.

அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் சைரனுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை. சுவரோரம் இருந்த துணிமூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து, சேலையை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

உருளை நிற்கவில்லை. அடுத்த விரிப்பு ஆவியோடு வந்து நீண்டது. பாப்பா தன் பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே ஆளில்லை. சைரனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, புடி," என்றாள்.

"பாப்பா..." என்று ஆரம்பித்தார்.

"புடி."

அவர் போய் உருளைக்கு முன்னால் நின்று இரண்டு முனைகளைப் பிடித்தார். துணி சுட்டது. பாப்பா உதறினாள், அவரும் உதறினார். வலதுகை தானாகக் கிளம்பியது. அவர் அதை நிறுத்தினார். எத்தனையோ சாயங்காலங்களில் டீயைக் குடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்து, இடதுகையைக் கொண்டுவந்தார். விரிப்பு முறுக்கவில்லை.

அவள் நடந்து வந்து முனைகளை அவர் கையில் கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஆவி படிந்த கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

"அம்மா மாதிரி," என்றாள், சந்தோஷமாக.

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்தார்.